மழைப் போத்தலோடு கப்பலேறிய ரிஸ்வி நானா

நோர்வூட் பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ரிஸ்வி நானா, ஐம்பத்துநான்கு வயது வரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவர் அல்லர். இதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. தண்ணீர் என்பது மேலேயிருந்து கீழே வர வேண்டிய பொருள், காலுக்கடியில் கிடந்து ஆடுகிற தண்ணீர் ஒழுங்கீனமானது என்பது அவருடைய நிலைப்பாடு. கொழும்புக்குப் போனாலும் காலிமுகத்திடலில் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் இறால்வடை தின்பார். அப்படிப்பட்ட மனிதரைத் தேடித்தான் கப்பல் வந்தது.

வந்த விதத்தைச் சொல்ல அவருக்கே கூச்சம். போன வருஷம் நவம்பர்க் கடைசியில் வீசிய புயலில் மலைநாட்டின் சரிவுகள் பல, தாம் இத்தனை காலம் நின்ற இடத்தை விட்டு வீதிக்கு இறங்கின. சில, வீடுகளுக்குள் வந்தன. உயிர் போன வீடுகளைப் பற்றி நோர்வூட்டில் இன்றும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. உயிர் தப்பிய வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரை இல்லாதவர்களுக்குத் தகரம் வேண்டும், தகரம் வரும்வரை தறப்பாள் வேண்டும், இரண்டும் ரிஸ்வி நானாவின் கடையில் இருந்தன. மூன்று மாதம் அவர் இரும்பாணி விற்கக்கூட நேரமில்லாமல் தகரம் விற்றார். பங்குனி மாதம் தகரக் கம்பெனியின் ஆள் சுதாகரன் பூச்செண்டும் கடித உறையுமாகக் கடைக்கு வந்து நின்றான்.

"நானா, மத்திய மாகாணத்துல நீங்கதான் முதலாவது. கம்பெனி உங்களையும் மிஸ்ஸிஸையும் கப்பல்ல அனுப்புது. கொழும்புல ஏறி மாலைத்தீவு. நாலு நாள்."

ரிஸ்வி நானா கடை வாசலைப் பார்த்தார். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை என்று அவர் நினைத்து முடிக்குமுன், சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார்.

ஆண்டியப்பன் பக்கத்துத் தோட்டத்து ஒப்பீஸில் வேலை. முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு நாள் காலையிலும் ஒப்பீஸ் முற்றத்து மழைமானியில் விழுந்த மழையை அளந்து மழைப் புத்தகத்தில் எழுதுகிறவர். புயலில் அவர் குடியிருக்கும் லயத்தில் ஒன்பது காம்பரா வீடுகளின் கூரை போனது.

"எங்க கூரை பறந்ததுக்கு ஒங்களுக்குக் கப்பல் வந்துருக்கு நானா," என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. "கூச்சப்படாமப் போய்ட்டு வாங்க. எங்க லயத்து சார்பா கடலைப் பாத்து ஒரு கும்புடு போட்டுருங்க."

அன்று மாலைக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரர் ரிஸ்வி நானாவைக் 'கப்டன்' என்று கூப்பிடத் தொடங்கினார்.

உண்மையில் ரிஸ்வி நானாவைப் பிடித்திருந்தது கூச்சம் அல்ல, பயம். அதற்கும் அந்தப் புயல்தான் காரணம். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. அதன் உச்சியில் தேயிலை, நடுவில் கருங்கல், அடியில் அவர்கள் சமைக்கும் குசினி. புயலன்று பகல் பதினொரு மணிக்குச் சரிவு இறங்கி வந்து குசினியை எடுத்துக்கொண்டது. அவரும் மனைவி சாரா உம்மாவும் மகள் ரினோஸாவும் முன்னறையில் இருந்தார்கள். குசினிக் கதவைத் திறந்தபோது அந்தப் பக்கம் குசினிக்குப் பதிலாக மண் இருந்தது. கதவை மறுபடி சாத்திவிட்டு, ஏன் சாத்தினோம் என்று தெரியாமல், மூவரும் தெருவுக்கு ஓடினார்கள்.

பிறகு ஊருக்கு வந்த தொண்டர்கள் சரிவோரத்து வீடுகளுக்கெல்லாம் தலா ஒரு பிளாஸ்டிக் மழைமானி கொடுத்தார்கள். நீளமான ஒரு குழாய். அதில் மஞ்சள் கோடு, செம்மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. மஞ்சள் வந்தால் விழித்திருக்க வேண்டும். செம்மஞ்சளுக்குப் பையை எடுக்க வேண்டும். சிவப்பென்றால் வீட்டை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் அதற்கு 'மழைப் போத்தல்' என்று பெயர் விழுந்தது. பை எப்போதும் கதவோரம் தயாராக இருக்கும்: அடையாள அட்டைகள், ரினோஸாவின் சான்றிதழ்கள், டோர்ச், மாரி பிஸ்கட், சாரா உம்மாவின் பிரஷர் மாத்திரை. பயணத்துக்கு முந்திய எட்டு மாதத்தில் பதினான்கு தரம் அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். பதினான்காம் தரம் பள்ளி அதிபர், இரண்டாம் வகுப்பு அறையை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.

போத்தலைப் பார்க்கிற பொறுப்பு ரிஸ்வி நானாவுடையது. மழை பெய்தால் மணிக்கொரு தரம் குடை பிடித்துப் போய்ப் பார்ப்பார். உள்ளே வந்ததும் சாரா உம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: "எவ்வளவு?" அவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். வியாபாரத்தில் ஒன்றிரண்டு பொய் சொல்லியிருப்பார். போத்தல் விஷயத்தில் அவர் ஒரு தரமும் பொய் சொன்னதில்லை. அந்த வீட்டில் நம்பிக்கை என்று மிச்சமிருந்தது அதுதான்.

சாரா உம்மா மழைச் சத்தத்தில் தூங்குவதை புயலன்றோடு நிறுத்தியிருந்தாள். நோர்வூட்டில் மழைச் சத்தம் இல்லாத நேரம் எவ்வளவு என்பதை வைத்து அவள் தூங்கிய நேரத்தைக் கணித்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில் கப்பல் பயணத்தைத் தவிர்க்க ரிஸ்வி நானா மூன்று முயற்சிகள் மேற்கொண்டார். முதலில், பரிசுக்குப் பதிலாக ஒரு குளிர்சாதனப் பெட்டி தர முடியுமா என்று சுதாகரனைக் கேட்டார். முடியாதென்றான். பிறகு, தமக்கு இடுப்பு வலி என்றார். கப்பலில் மசாஜ் இருக்கிறதென்றான். மூன்றாவதாக, இந்தத் தகவலை மனைவியிடம் சொல்லாமல் விட்டார். அதைப் பேக்கரிக்காரர் கெடுத்தார்.

"கப்பல் வந்திருக்காமே," என்றாள் சாரா உம்மா, சோற்றைப் போட்டபடி.

"அது சும்மா. சீசன் சரியில்ல. கடல்ல எப்ப என்ன வரும்டு செல்லேலா. குசினியைப் போட்ட புயலும் கடல்ல இருந்துதானே வந்த."

"நான் போகணும்."

முப்பது வருஷத்தில் அவள் 'போகணும்' என்று சொன்ன இடங்கள் மூன்று. மூன்றும் ஆஸ்பத்திரி.

"கொழும்புல உங்கட தம்பி அக்ரம்ட வீட்டுக்குக் கூட்டிப் போனீங்க, ஞாபகமா?" என்றாள். "அங்க மலை இல்லாட்டி என்ன, பக்கத்துல ஆறு மாடி. ரெண்டு நாளும் ஜன்னலால அதைப் பாத்துக்கிட்டே குந்தியிருந்தேன். எனக்கு ஊர் பாக்க வேணாம், மாலைத்தீவும் வேணாம். தலைக்கு மேல ஒண்டும் இல்லாத இடத்துல ஒருக்கா தூங்கணும். அவ்வளவுதான்."

ரிஸ்வி நானா கையைக் கழுவினார். மூன்று முயற்சிகளும் அந்த இடத்திலேயே அடக்கமாயின. கடலில் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

கம்பெனி மூன்று தேதிகள் கொடுத்திருந்தது: மே கடைசி வாரம், ஆகஸ்ட் நடுப்பகுதி, நவம்பர் கடைசி வாரம். கடலைத் தெரிந்தவர்கள் கப்பல் ஏறாத தேதிகளாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். அந்தத் தேதிகளில்தான் கப்பல் மலிவு என்று பின்னால் தெரிந்தது.

தேதியைத் தீர்மானிக்க ஒரு குழு அமைந்தது. குழு கடையில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, சீமெந்து மூட்டைகள் மேல் கூடியது. தலைவர் ரிஸ்வி நானா. மழை ஆலோசகர் ஆண்டியப்பன், மழைப் புத்தகத்தின் முப்பத்தொரு வருஷத்துப் பிரதிகளோடு. விஞ்ஞானப் பிரிவு ரினோஸா, தொலைபேசியில் ஐந்து வானிலைச் செயலிகளோடு. ஐந்தும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாதவை. ஒன்று வெயில் என்ற இடத்தில் மற்றொன்று இடி காட்டும். அவள் ஐந்தையும் நம்பினாள்.

ரிஸ்வி நானா அட்டையில் எழுதியிருந்த நவம்பர்த் தேதியைப் பேனாவால் அடித்தார். பிறகு இன்னொரு தரம் அடித்தார். பிறகு அந்தத் துண்டைக் கிழித்துக் குப்பைவாளியில் போட்டார்.

"மே கடைசியில தென்மேல் பருவக்காத்து தொடங்கும் வாப்பா," என்றாள் ரினோஸா.

"புத்தகமும் அதைத்தான் சொல்லுதுங்க," என்றார் ஆண்டியப்பன். "மே இருபத்தஞ்சுக்கு அப்புறம் எழுதுற கை சும்மா இருந்ததில்ல."

"ஆகஸ்ட்?"

"ஜூன், ஜூலை கொட்டித் தீத்துட்டு ஆகஸ்ட்ல கொஞ்சம் கைய எடுக்கும். இந்தா பாருங்க. நடு வாரத்துல பத்து மில்லிமீட்டர் தாண்டுன வருசம் கொறைவு."

"வாப்பா," என்றாள் ரினோஸா, "ஆகஸ்ட்ல மேற்குக் கடல் கொந்தளிக்கும். மீன்பிடிக்காரங்களே யோசிச்சுத்தான் போறாங்க. கப்பல் பெரிசு, போகும். ஆனா ஆடும்."

"புத்தகத்துல இல்லியே."

ஆண்டியப்பன் நேர்மையான மனிதர். "நானா, இது தோட்டத்து மழைப் புத்தகம். ஒப்பீஸ் முத்தத்துல விழுந்த மழைதான் இதுல இருக்கு. கடல்ல விழுந்தத நான் அளக்கல."

"மழை எல்லாம் ஒரே மழைதானே ஆண்டியப்பன்."

மலைநாட்டில் பிறந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. ஆபத்து என்றால் மழை, மழை குறைந்தால் ஆபத்து குறையும் என்று பழகிய மூளைக்குக் காற்று என்ற ஒன்று தனியாக இருப்பதே படவில்லை. ஒப்பீஸ் முற்றத்து ரோஜாச்செடிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மழைமானியின் வாக்கை நம்பி, இந்து சமுத்திரத்தைக் கடக்கும் தேதி குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு ரிஸ்வி நானா தூங்காமல் விட்ட நாட்களுக்குக் கணக்கில்லை. கட்டிலில் சாரா உம்மா மலைக்குப் பயந்து விழித்திருப்பாள், பக்கத்தில் அவர் கடலுக்குப் பயந்து விழித்திருப்பார். ஒருவரையொருவர் எழுப்பிவிடக் கூடாதே என்று இருவரும் அசையாமல் கிடப்பார்கள். ரினோஸாவை அட்டனில் பெரியம்மா வீட்டில் விடுவதென்று முடிவானது.

பயணத்துக்குப் பை கட்டியபோது சாரா உம்மா புதிய பெட்டியை அலுமாரியில் இருந்து எடுக்கவேயில்லை. கதவோரத்துப் பையையே எடுத்தாள். அதன் மேல் இரண்டு உடுப்பை வைத்தாள். ரிஸ்வி நானா மழைப் போத்தலைக் கழுவித் துடைத்துத் துவாயில் சுற்றி அதற்குள் செருகினார்.

துறைமுகத்தில் பை பரிசோதனை இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்ததும், காவல் அதிகாரி போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மே மொகக்த மாத்தயா?" என்றார் சிங்களத்தில். இது என்ன ஐயா?

"வெஸ்ஸ மனின எக," என்றார் ரிஸ்வி நானா. மழை அளக்கிற சாமான்.

அதிகாரி போத்தலைப் பார்த்தார். பக்கத்தில் முடிவில்லாமல் கிடந்த கடலைப் பார்த்தார். அவர் உதட்டில் சிரிப்புத் தொடங்கியது. பிறகு மூன்று நிறக் கோடுகளும் கண்ணில் பட்டன. சிரிப்பு நின்றது.

"உடரட்டத?" என்று கேட்டார். மலைநாடா?

"ஒவ்." ஆம்.

அதிகாரி போத்தலைத் தாமே துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, சிப்பையும் இழுத்து மூடிக் கொடுத்தார்.

கப்பல் புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று உண்டு. சங்கு ஊதினால் பயணிகள் எல்லோரும் மிதவை அங்கி போட்டு, குறித்த தளத்தில் கூட வேண்டும். சங்கு ஊதியது. அதே பரிசில் வந்த தென்பகுதித் தகர வியாபாரிகள் கையில் குளிர்பானத்தோடு, படம் எடுத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். ரிஸ்வி நானாவும் சாரா உம்மாவும் இரண்டாவது நிமிஷம் அங்கே நின்றார்கள். அங்கி போட்டு, பை மாட்டி, டோர்ச்சைக் கையில் பிடித்து. பயிற்சி தந்த மாலுமிப் பெண் கைதட்டினாள்.

"மிஸ்," என்று கேட்டார் ரிஸ்வி நானா, மூச்சு வாங்க, "எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போற?"

அவளுக்குத் தமிழ் தெரியாதது அந்தக் கப்பலுக்கு நல்லது.

இரண்டாம் நாள் காலையில் கடல், மழைப் புத்தகத்தில் இல்லாதவற்றைச் செய்ய ஆரம்பித்தது. கப்பலின் முன்பக்கம் மேலே ஏறும், ஒரு கணம் யோசிக்கும், பிறகு இறங்கும். இறங்கும்போது ரிஸ்வி நானாவின் வயிறு மட்டும் மேலேயே நிற்கும். தென்பகுதி வியாபாரிகள் அறைகளுக்குள் படுத்துவிட்டார்கள். உணவுக்கூடத்தில் கோப்பைகள் தாமாக நகர்ந்து மேசை மாறி உட்கார்ந்தன. பகல் பன்னிரண்டுக்கு மழையும் சேர்ந்துகொண்டது.

சாரா உம்மாவுக்கு அறைக்குள் இருக்க முடியவில்லை. அறைக்கு மேலே எட்டுத் தளங்கள் இருப்பதை முதல் இரவே எண்ணிவிட்டாள். ரிஸ்வி நானா அவளை மேல்தளத்துக்குக் கூட்டிவந்து, ஓரமாகத் துணிக்கூரை போட்ட இடத்தில் ஒரு சாய்கதிரையில் இருத்தினார். சேவகன் கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டு, இவர்களை உள்ளே போகச் சொல்லிப் பார்த்தான். சாரா உம்மா அசையவில்லை. ரிஸ்வி நானா பையிலிருந்து போத்தலை எடுத்து, கடையிலிருந்து கொண்டுவந்த கட்டுக்கம்பியால் கைப்பிடிக் கம்பியில் கட்டினார். நான்கு முறுக்குப் போட வேண்டிய இடத்தில் பதினொன்று போட்டார்.

பிறகு கதிரைக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்து, அதன் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மிதவை அங்கியை அவர் நேற்றிலிருந்து கழற்றவேயில்லை. அல்லாஹ்வின் பெயரைத் தொடங்குவார், கப்பல் இறங்கும், பாதியில் மறந்துபோகும், மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்வார்.

ஒரு மணிக்கு மஞ்சள்.

வீட்டில் மஞ்சள் வருவதற்கு அரை நாள் எடுக்கும். அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அலை கப்பலின் பக்கத்தில் அடித்துச் சிதறி, பெரிய வாளியால் வீசியதுபோல் முகத்தில் விழுந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் செம்மஞ்சள். விரலை விட்டு நக்கினார். உப்பு.

தொண்டர்கள் தந்த அறிவுறுத்தல் தாளில் எல்லாம் இருந்தது. எப்போது பையை எடுப்பது, எந்த வழியால் போவது, மாடுகளை எப்போது அவிழ்த்துவிடுவது. உப்புத் தண்ணீரையும் மழையாக எடுப்பதா என்று மட்டும் இருக்கவில்லை. யாரிடம் கேட்பது. ஆண்டியப்பனுக்கு அழைக்கலாமென்றால் தொலைபேசியில் நேற்றிரவே சிக்னல் கோடுகள் எல்லாம் போய்விட்டன. மேலே வானம், கீழே கடல், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இரண்டு மணி ஆகுமுன் சிவப்பு.

உடம்பு, மூளையைக் கேட்காமலே வேலை செய்தது. சிவப்பென்றால் எழுப்பு. எட்டு மாதப் பழக்கம். கைப்பிடியை விட்டுவிட்டு, தவழ்ந்தும் வழுக்கியும் கதிரைக்கு ஓடினார். பையைத் தோளில் மாட்டினார். அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

சாரா உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது அவருக்குத் தெரியும். அதை எட்டு மாதமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இது அது அல்ல. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இடது கை கம்பளியிலிருந்து நழுவித் தொங்கி, கப்பல் ஆடிய பக்கமெல்லாம் தானும் ஆடியது. மெல்லிய குறட்டைகூட இருந்தது. துணிக்கூரையில் மழை சடசடவென்று கொட்டியது, தகரத்தில் கொட்டுகிற அதே சத்தம், அவள் அதற்குள் தூங்கினாள்.

ரிஸ்வி நானாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. எழுப்பினால் எங்கே கூட்டிப்போவது. எழுப்பாமல் விட்டால், ஏதாவது நடந்தால். கப்பல் ஒரு பக்கம் சரிந்து, நிமிர நேரம் எடுத்தது. எங்கோ கீழே கண்ணாடி உடைந்தது. இங்கேயே இந்த நிமிஷமே முடிந்துவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது.

கையை மெல்ல இழுத்துக்கொண்டார். தவழ்ந்து கம்பிக்குப் போய், பதினொரு முறுக்கையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, போத்தலைக் கவிழ்த்து ஊற்றினார். அதை அங்கேயே விட்டால் திரும்ப நிறையும் என்று அங்கிக்குள் செருகிக்கொண்டு, மறுபடி கதிரைக் காலைப் பிடித்து உட்கார்ந்தார். அப்படியே இரண்டரை மணி நேரம் இருந்தார். அதில் மூன்று தரம் சத்தி எடுத்தார். சத்தம் கேட்டு அவள் விழித்துவிடக் கூடாதென்று வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு எடுத்தார்.

நாலரை மணிக்குச் சாரா உம்மா அசைந்தாள். கண்ணை முழுதாகத் திறக்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள்.

ரிஸ்வி நானா அங்கிக்குள் இருந்த போத்தலை வெளியே எடுத்தார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் அது கதிரைக் காலில் டக் டக்கென்று தட்டியது. காலியான குழாயை அவளுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"மஞ்சளுக்கே வரல்ல," என்றார். "படுங்க."

அவள் மேலே பார்த்தாள். துணிக்கூரையின் ஓரத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். தொங்கிய கை அவருடைய நனைந்த தலைமேல் வந்து விழுந்தது. அதைத் தள்ளினால் விழித்துவிடுவாள் என்று, அடுத்த அலைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ரிஸ்வி நானா அசையாமல் இருந்தார்.